காலையில் கட்டும் சாண்ட்விச் மதியத்துக்குள் ஊறிப்போகாமல் இருக்க என்ன வழி?

காலைடப்பா:

எல்லோருக்கும் வணக்கம். காலை 7 மணிக்குக் கட்டி வைக்கும் சாண்ட்விச்சை மதியம் 1 மணிக்குத் திறந்தால், கீழ்த்துண்டு ஈரத்துணி மாதிரி கையோடு வருகிறது. உள்ளே வைப்பது தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லிச் சட்னி. சில நாள் அவித்த முட்டை. ரொட்டி சாதாரண வெள்ளை ரொட்டிதான். சட்னியை விட்டுவிடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அதற்காகத்தான் வீட்டில் சாப்பிடவே செய்கிறார்கள். மயோனைஸ் தடவினால் ஈரம் இறங்காது என்றார்கள், தடவிப் பார்த்தேன், பலன் இல்லை.

உலகம் முழுக்க மதியத்துக்கு இதைத்தானே கட்டிக்கொண்டு போகிறார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகத்தி:

கேட்டரிங் சமையலறையில் சாண்ட்விச் மேசையில் ரொம்ப காலம் நின்றவன் நான். உங்கள் பட்டியலில் வெண்ணெய் இல்லை. அதுதான் கோளாறு.

வெண்ணெயை முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் உருகி மினுங்கக் கூடாது. அந்தப் பதத்தில்தான் ரொட்டியைக் கிழிக்காமல் பரவும். எல்லோரும் நடுவில் ஒரு கட்டியை வைத்து நாலு பக்கமும் இழுப்பார்கள், ஓரத்துக்கு வரும்போது கத்தியில் ஒன்றும் மிச்சம் இருக்காது. கத்தியைப் படுக்கவைத்து முதலில் நான்கு ஓரங்களையும் தடவிவிடுங்கள், அப்புறம் நடுவுக்கு வாருங்கள். ரொட்டியின் வெள்ளை எங்கேயும் தெரியக் கூடாது. தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். இரண்டு துண்டுக்கும் இதே கதைதான்.

டென்மார்க்கில் ஸ்மோர்புரோட் என்று மேல்துண்டே இல்லாத சாண்ட்விச் உண்டு. கறுத்த ரை ரொட்டி, அதை முழுக்க மூடுகிற அளவுக்கு வெண்ணெய், அதன் மேல் ஊறவைத்த மீனோ இறாலோ முட்டையோ. மேலே எவ்வளவு ஈரமானது வந்தாலும் ரொட்டி அசையாமல் நிற்கும். வெண்ணெய் அங்கே ருசிக்கு மட்டும் இல்லை.

பூனைநடை:

வெண்ணெயைக் கொட்டுவதுதான் தீர்வா? தக்காளியைத் தனி டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது உள்ளே வைத்துக்கொண்டால் முடிந்தது கதை.

காலைடப்பா:

@பூனைநடை, மதியம் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் உட்கார்ந்து தக்காளி அடுக்க முடியாது நண்பரே.

பீக்கர்:

மயோனைஸ் ஏன் கைவிட்டது என்று சொல்கிறேன், கொஞ்சம் வேதியியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயோனைஸில் எண்ணெய்தான் அதிகம், அதனால் அதுவும் வெண்ணெய் மாதிரியே தடுக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டின் அமைப்பும் தலைகீழ். வெண்ணெயில் கொழுப்பு விட்டுப்போகாத ஒரே பரப்பாக இருக்கிறது, அதில் உள்ள 16 சதவீதம் சொச்சம் தண்ணீர் சின்னச் சின்னத் துளிகளாகக் கொழுப்புக்குள் அடைபட்டிருக்கிறது. மயோனைஸில் வினிகரும் முட்டையும் சேர்ந்த தண்ணீர்ப் பகுதிதான் அப்படிப் பரவியிருக்கிறது, எண்ணெய் துளித்துளியாக அதற்குள் மிதக்கிறது. ரொட்டியில் தடவியதும் அந்தத் தண்ணீரே முதலில் இறங்கிவிடும். பின்னால் வரும் தக்காளிச் சாற்றுக்கும் வழி திறந்தே கிடக்கும். மயோனைஸ் வேண்டுமென்றால் முதலில் வெண்ணெய், அதன் மேல் மயோனைஸ்.

இன்னொன்று உப்பு. வெள்ளரியிலும் தக்காளியிலும் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் சவ்வூடு பரவலில் அது வெளியே வரும். உங்கள் சட்னியில் உப்பு இருக்கிறது. நறுக்கிய வெள்ளரியை அதன் மேலேயே அடுக்கினால், டப்பாவுக்குள் 6 மணி நேரமும் சட்னி வெள்ளரியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் எப்படியும் வரத்தான் போகிறது என்றால், கட்டுவதற்கு முன்பே வர வையுங்கள். வெள்ளரியை மெல்லியதாக நறுக்கி, உப்புத் தூவி, வடிகட்டியில் 15 நிமிடம். அப்புறம் சுத்தமான துணியில் வைத்து ஒற்றி எடுங்கள், பிழிய வேண்டாம். ஆங்கிலேயர்களின் தேநீர் நேரத்து வெள்ளரி சாண்ட்விச் இந்த முறையில்தான் நிற்கிறது. மெல்லிய ரொட்டி, வெண்ணெய், உப்பில் வடித்த வெள்ளரி, அவ்வளவுதான் அதில்.

சுக்குமிளகு:

சட்னிக்கு நான் வருகிறேன்.

இட்லிக்கு அரைக்கிற சட்னியை ரொட்டியில் தடவினால் எந்த வெண்ணெயும் காப்பாற்றாது. சாண்ட்விச் சட்னி வேறு. தண்ணீரே ஊற்றாமல் அரைக்க வேண்டும். கொத்தமல்லியைக் கழுவிய பிறகு துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள், பாதித் தண்ணீர் இலையிலிருந்துதான் வருகிறது. மெல்லிய தண்டையும் சேர்த்துக்கொள்ளலாம், வாசனை அதில்தான் அதிகம். ஒரு கட்டுக்கு நாலு பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, கொஞ்சம் சீரகம், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. முதலில் பொட்டுக்கடலையை மட்டும் மிக்ஸியில் பொடித்துக்கொண்டு மற்றதைச் சேருங்கள். மிக்ஸி சுற்றாமல் அடம்பிடித்தால் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அப்படியும் முரண்டு பிடித்தால் ஒரு ஐஸ் கட்டி. பிளேடு சூடேறினால் பச்சை நிறம் கறுக்கும், குளிர்ச்சி அதைத் தடுக்கும்.

பதம் எப்படி என்றால், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் சட்டென்று விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தட்டில் ஒரு கரண்டி வைத்துப் பாருங்கள். சுற்றிலும் பச்சைத் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் பொட்டுக்கடலை வேண்டும்.

மும்பைத் தெருக்களில் விற்கிற சாண்ட்விச்சைப் பாருங்கள். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பீட்ரூட், அவித்த உருளைக்கிழங்கு எல்லாம் அதில் உண்டு, சட்னியும் தாராளம். ஆனால் முதலில் வெண்ணெய் தடவி அதன் மேல்தான் சட்னி. அந்த உருளைக்கிழங்கும் சும்மா வயிறு நிரப்ப இல்லை. மேலே கிடக்கிற தக்காளி விடுகிற சாற்றை அது வாங்கிக்கொள்ளும்.

பழையகத்தி:

@சுக்குமிளகு அக்கா சொன்ன உருளைக்கிழங்கு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அடுக்கும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. ரொட்டியைத் தொடுகிற இடத்தில் எப்போதும் காய்ந்ததோ கொழுப்பானதோ இருக்க வேண்டும்: சீஸ், உருளைக்கிழங்கு, துடைத்த கீரை இலை. தக்காளி நட்ட நடுவில். அதன் மேலும் கீழும் ஏதாவது ஒன்று காவலுக்கு.

பூனைநடை:

ரொட்டியை டோஸ்ட் செய்தாலே போதுமே? இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

பழையகத்தி:

டோஸ்ட் செய்து சூட்டோடு டப்பாவில் போட்டு மூடிப் பாருங்கள், தெரியும். உள்ளே ஆவி கட்டி, டோஸ்ட் செய்யாததைவிட மோசமாகும். கம்பித் தட்டின் மேல் முழுக்க ஆறவிட வேண்டும். தட்டையான தட்டில் ஆறவைத்தால்கூட அடிப்பக்கம் வேர்த்துவிடும். கம்பித் தட்டு இல்லையென்றால் இரண்டு துண்டையும் ஒன்றுக்கொன்று சாய்த்துக் கூடாரம் மாதிரி நிறுத்துங்கள்.

ஆறின டோஸ்டும் மதியத்துக்குள் ரப்பராக இழுக்கும். அதற்கு ஒரு வழி: டோஸ்டரின் ஒரே இடுக்கில் இரண்டு துண்டையும் சேர்த்து நுழையுங்கள். வெளிப்பக்கம் மட்டும் சிவக்கும், ஒட்டியிருக்கும் பக்கம் மெத்தென்றே இருக்கும். சிவந்த பக்கத்தை உள்ளே திருப்பி அதில் வெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கடிக்கும்போது வாயில் குத்தாது, ஈரமும் சீக்கிரம் ஏறாது. இடுக்கு குறுகலாக இருந்தால் திணிக்காதீர்கள், தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் வாட்டினாலும் இதேதான்.

மாவுக்கை:

எல்லோரும் உள்ளே வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ரொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கடையில் வாங்கும் மெல்லிய வெள்ளை ரொட்டியில் ஓட்டைகள் பொடிப்பொடியாக இருக்கும், தோலும் மெல்லியது, தண்ணீர் சட்டென்று பரவும். வீட்டில் சுடுபவர்கள் கிழக்காசியப் பால் ரொட்டி முறையைப் பாருங்கள். 300 கிராம் மைதா போடும் இடத்தில் அதிலிருந்து 20 கிராம் எடுத்து, 100 மில்லி தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கூழாகும். கரண்டி இழுத்த கோடு அப்படியே நிற்கும்போது இறக்கி, ஆறவைத்து, மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். வெந்த மாவுச்சத்து பச்சை மாவைவிட நிறையத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதனால் ரொட்டி மென்மையாகவும் இருக்கும், இரண்டு மூன்று நாள் காயாமலும் இருக்கும். ஜப்பானில் முட்டை சாண்ட்விச், வறுத்த பன்றிக் கறி வைத்த காட்சு சாண்டோ எல்லாம் இந்த வகை ரொட்டியில்தான்.

அப்புறம், தயவுசெய்து ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பூசணம் தள்ளிப்போகும், வாஸ்தவம்தான். ஆனால் ரொட்டி விறைப்பது தண்ணீர் வற்றுவதால் மட்டும் இல்லை. வெந்தபோது இளகிய மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவதால்தான். ஃப்ரிட்ஜின் குளிரில்தான் அது மிக வேகமாக நடக்கும். இரண்டு நாளில் தீருமென்றால் வெளியிலேயே இருக்கட்டும். தீராதென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில். ஃப்ரீசரில் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும்.

பூனைநடை:

@மாவுக்கை, வெயில் காலத்தில் ரொட்டியை வெளியே வைத்தால் இரண்டாம் நாளே பச்சை பூத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து டோஸ்ட் செய்தால் மறுபடி மெத்தென்று ஆகிறதே?

மாவுக்கை:

ஆகும். 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகும். சுட்ட உடனே சாப்பிடுவதாக இருந்தால் ஃப்ரிட்ஜ் ரொட்டி ஒன்றும் குற்றம் இல்லை. இங்கே கேட்டவர் 6 மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறவர். சுட்டு ஆறின பழைய ரொட்டி முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். வெயில் காலத்துக்கு ஃப்ரீசர்தான்.

வெளிச்சோறு:

இவ்வளவு நேரம் தண்ணீரை எதிரியாகவே நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். நான் கட்சி மாறுகிறேன்.

பிரான்சின் நீஸ் நகரத்தில் பான் பன்யா என்று ஒரு சாண்ட்விச். வட்டமான, தோல் தடித்த ரொட்டியைக் குறுக்கே பிளந்து, தக்காளி, சூரை மீன், அவித்த முட்டை, ஆலிவ், வெங்காயம் எல்லாம் வைத்து ஆலிவ் எண்ணெயை ஊற்றி மூடுவார்கள். உடனே சாப்பிடுவது இல்லை. கனமான எதையாவது மேலே ஏற்றி ஊறவிடுவார்கள். தக்காளிச் சாறும் எண்ணெயும் ரொட்டிக்குள் இறங்கினால்தான் அது அதுவாகும். கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு அது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், இத்தாலியின் சிசிலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த முஃபலெட்டாவும் இதே ஜாதி. பொடியாக நறுக்கிய ஆலிவ் ஊறுகாயை எண்ணெயோடு வைத்து மூடி, கொஞ்ச நேரம் போனால்தான் ருசி.

மெக்சிகோவின் குவாதலஹாராவில் இன்னும் ஒருபடி மேலே போய் சாண்ட்விச்சைத் தக்காளி மிளகாய்க் குழம்பிலேயே முக்கிவிடுகிறார்கள். தோர்த்தா அகோகாடா. கரையாமல் நிற்பதற்குக் காரணம் பிரோதே என்கிற அந்த ஊர் ரொட்டி. புளித்த மாவு, மொறுமொறுப்பான தடித்த தோல். வெள்ளை ரொட்டியை அந்தக் குழம்பில் போட்டால் அள்ளிக் குடிக்க வேண்டியதுதான்.

டர்பனின் பன்னி சவ்வும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் இந்தியக் குடும்பங்களிடம் பிறந்தது. முழு ரொட்டியில் கால்வாசியையோ பாதியையோ வெட்டி, நடுவைக் குடைந்து, சூடான குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். குடைந்தெடுத்த சதையை மேலே மூடியாக வைப்பார்கள், முதலில் அதைக் கிழித்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சுவர் வரை போக வேண்டும். சுவர் அதற்குள் குழம்பில் ஊறியிருக்கும். பாத்திரமே சாப்பாடு.

அதனால் @காலைடப்பா, தண்ணீரை நிறுத்த முடியவில்லை என்றால் ரொட்டியை மாற்றுங்கள். தோல் தடித்த ரொட்டியில் இதே தக்காளி, இதே வெள்ளரி, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வினிகர். காலையில் கட்டி மதியம் சாப்பிடுவதற்கே பிறந்த சாண்ட்விச் ஆகிவிடும்.

சுக்குமிளகு:

அதில் என் சட்னி எங்கே போகும் தம்பி?

வெளிச்சோறு:

சட்னியை எண்ணெயில் கரைத்து ஊற்றுங்கள் அக்கா. நீஸ் நகரத்தார் கோபிக்கட்டும், நமக்கென்ன.

பழையகத்தி:

@வெளிச்சோறு சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் குழந்தைகளுக்குக் கட்டிக் கொடுக்க முடியாது. தடித்த தோலைக் கடித்து இழுக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் பின்பக்கம் வழுக்கி மடியில் விழும். கடினமான ரொட்டிக்குள் மென்மையான சரக்கு வைத்தால் எப்போதும் இந்தத் தொல்லை உண்டு. அந்தக் கனமான பொருளை ஏற்றி அமுக்குவது அதற்கும் சேர்த்துத்தான். அமுக்காமல் செய்யாதீர்கள்.

அடுப்படிவாசி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். வியட்நாமின் பான் மி பற்றி யாரும் சொல்லவில்லையே? அதிலும் காய் ஊறுகாய் இருக்கிறது, சாஸ் இருக்கிறது, ஆனால் ரொட்டி மொறுமொறுவென்றே இருக்கும். எப்படி?

வெளிச்சோறு:

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டி, வியட்நாம்காரர்கள் கைக்கு மாறிய பிறகு தோல் மெலிந்து உள்ளே பஞ்சாகிவிட்டது. இறைச்சியோடு தட்டில் தனித்தனியாக வைத்துச் சாப்பிட்டதை, 1950களில் சைகோனில் உள்ளேயே அடைத்துக் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். கல்லீரலை மசித்த பாத்தே, மயோனைஸ், இறைச்சி, வெள்ளரி, கொத்தமல்லி, மிளகாய், கேரட் முள்ளங்கி ஊறுகாய். அந்த ஊறுகாயில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கேரட்டையும் வெள்ளை முள்ளங்கியையும் தீக்குச்சி அளவுக்கு நறுக்குங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை தூவிக் கையாலேயே பிசையுங்கள். மூன்று நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். ஒரு முள்ளங்கிக் குச்சியை எடுத்து இரண்டு முனையும் தொடுகிற வரை வளைத்துப் பாருங்கள். ஒடிந்தால் இன்னும் பிசைய வேண்டும், ஒடியாமல் வளைந்தால் போதும். கழுவி, நன்றாகப் பிழிந்து, வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சர்க்கரையும் கலந்ததில் மூழ்க வையுங்கள். ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம், ஃப்ரிட்ஜில் சில வாரம் கிடக்கும். சாண்ட்விச்சில் வைக்கும்போது மறுபடி ஒரு தடவை பிழிந்துவிட்டு வையுங்கள்.

காயிலிருந்த தண்ணீர் முதலிலேயே வெளியே போய்விட்டது. அதனால் நறுக்கென்றும் இருக்கும், ரொட்டியையும் கெடுக்காது. @பீக்கர் வெள்ளரிக்குச் சொன்னதுதான், கூடவே ஒரு புளிப்பு. ஆனாலும் பான் மி உடனே சாப்பிட வேண்டியது. டப்பாவில் 6 மணி நேரம் அதுவும் தாங்காது.

காலைடப்பா:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் வெண்ணெயை ஓரம் வரை தடவி, வெள்ளரியை உப்பில் வடித்து, சட்னியைத் தண்ணீர் இல்லாமல் அரைத்துக் கட்டிப் பார்த்தேன். ரொட்டி உலர்ந்தே இருந்தது. ஆனால் தக்காளி இன்னும் வழிக்கு வரவில்லை. விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடலாமா?

பீக்கர்:

எடுக்கலாம், ஆனால் ருசி போகும். தக்காளியில் நாம் ருசிக்கிற குளூட்டமேட் என்கிற சுவைப்பொருள் சதையைவிட விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பில்தான் அதிகம். சதைப்பற்றான, விதை குறைந்த தக்காளியாகப் பார்த்து வாங்குவது மேல். கிடைக்காவிட்டால் வழித்தெடுத்ததைச் சட்னியோடு அரைக்காமல் ரசத்திலோ குழம்பிலோ போட்டுவிடுங்கள்.

சுக்குமிளகு:

தக்காளியை வதக்கிவிடு, தொல்லையே இல்லை. வெங்காயம் தக்காளியைச் சுருள வதக்கித் தொக்காக்கி, எண்ணெய் பிரிந்ததும் இறக்கி, நன்றாக ஆறின பிறகு தடவு. சட்னியும் அதுவும் ஆளுக்கொரு துண்டில்.

அடுப்படிவாசி:

முட்டை சாண்ட்விச்சுக்கும் யாராவது சொல்லுங்கள். நான் செய்தால் வெள்ளைக்கரு தனியாக வழுக்குகிறது.

மாவுக்கை:

வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துக்கொள்ளுங்கள். மஞ்சளை மயோனைஸ், உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கட்டியில்லாமல் மசித்து, பொடியாக நறுக்கிய வெள்ளையைக் கடைசியில் கலக்குங்கள். ஜப்பானிய முட்டை சாண்ட்விச் இந்த மாதிரிதான். 1925-ல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய கியூபீ மயோனைஸில் முழு முட்டை கிடையாது, மஞ்சள் கரு மட்டும்தான். அதனால்தான் அந்த நிறமும் கொழகொழப்பும். அது கிடைக்கவில்லை என்றால் சாதாரண மயோனைஸோடு அவித்த மஞ்சள் கரு ஒன்றைக் கூடுதலாக மசித்துவிடுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

முட்டை உரிக்க வராவிட்டால், கொதிக்கிற தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். நேற்று வாங்கிய முட்டையைவிட ஒரு வாரத்து முட்டை சுலபமாக உரியும்.

பழையகத்தி:

முட்டை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். முட்டை, கோழி, மீன், மயோனைஸ் வைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அமெரிக்க வேளாண் துறை கொடுத்திருக்கும் கணக்கு இது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், மதியப் பை சரியாக அந்த நடுவில்தான் இருக்கும். 6 மணி நேரம் வெளியில் இருக்கப் போகிறது என்றால் முட்டை வேண்டாம், அல்லது உறைந்த ஐஸ் பையோடு காப்புப் பையில் வையுங்கள். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாசனையே மாறாமல் வயிற்றைக் கெடுக்கும்.

பூனைநடை:

சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஒரு பிரபு, இரண்டு ரொட்டிக்கு நடுவில் கறியை வைத்துக் கொண்டுவா என்றாராம். அவருக்கு ஐஸ் பை எல்லாம் தேவைப்படவில்லை.

வெளிச்சோறு:

அந்தப் பிரபு ஜான் மொண்டேகு, சாண்ட்விச் என்கிற ஆங்கிலேய ஊரின் பெயரில் ஏர்ல் பட்டம் பெற்றவர்களில் நான்காமவர். சீட்டு மேசையில் இல்லை, வேலை மேசையில் சாப்பிட்டிருப்பார் என்றும் சொல்கிறார்கள். அவர் கடற்படை நிர்வாகத்தில் இருந்தவர். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762-ல் தன் நாட்குறிப்பில் லண்டன் கிளப் ஒன்றில் பெரிய மனிதர்கள் சாண்ட்விச் சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். எப்படியோ, பிரபு உடனே சாப்பிட்டார். நம் ஆள் 6 மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறார்.

அடுப்படிவாசி:

இன்னொரு சந்தேகம். சீஸ் வைத்துத் தோசைக்கல்லில் வாட்டும்போது ரொட்டி கருகுகிறது, சீஸ் உருகவில்லை.

பழையகத்தி:

தீ அதிகம். சிறு தீயில் கல்லை வைத்து, சீஸைத் துருவிப் போட்டு, மேலே ஒரு மூடியால் மூடுங்கள். மூடிக்குள் சூடு சுற்றி வந்து சீஸை இளக்கும். கடைசி ஒரு நிமிடம் மூடியை எடுத்துவிட்டால் தோல் மொறுமொறுப்பாகும். வெளிப்பக்கம் வெண்ணெய்க்குப் பதிலாக மயோனைஸ் மெல்லிசாகத் தடவிப் பாருங்கள், ஓரம் வரை ஒரே சீராகச் சிவக்கும். உள்ளே தடவ உதவாதது வெளியே நன்றாக உதவும்.

பனீரை வைத்துக்கொண்டு உருகும் என்று காத்திருக்காதீர்கள். எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பால் உருகாது, பழுப்பாக வறுபடும். நன்றாக முதிர்ந்த செடார் சீஸை மட்டும் போட்டால் எண்ணெய் கக்கும், அதோடு கொஞ்சம் மொசரெல்லா கலந்துகொள்ளுங்கள்.

காலைடப்பா:

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாமா? காலையில் எடுத்துப் பையில் போட்டால் மதியத்துக்குள் உறை இளகிவிடும் இல்லையா?

மாவுக்கை:

வெண்ணெய், சீஸ், வெந்த கோழி, உருளைக்கிழங்கு மசாலா, அக்காவின் தக்காளித் தொக்கு எல்லாம் தாங்கும். வெள்ளரி, வதக்காத தக்காளித் துண்டு, கீரை இலை வேண்டாம், உறைந்து இளகினால் தொளதொளத்துவிடும். அவித்த முட்டை வெள்ளை ரப்பராகிவிடும். மயோனைஸ் பிரிந்துவிடும். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

பழையகத்தி:

கோழி வைத்ததை மட்டும் முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், காலையில் ஐஸ் பையோடு. மற்றவை பையிலேயே இளகட்டும்.

சுக்குமிளகு:

சட்னியும் உறையும் கண்ணா. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டி கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். இளகிய பிறகு மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் வடித்துவிட்டுத் தடவு.

காலைடப்பா:

சரி அக்கா. இந்த ஞாயிற்றுக்கிழமை தொக்கும் உருளைக்கிழங்கும்தான். வெள்ளரியைக் காலையில் எழுந்து உப்பு போடுகிறேன்.